திங்கட்கிழமைதானே என்று நினைத்தாள்

அத்தியாயம் 17

மார்கரெட்டுக்குப் பொய் சொல்ல வராது. போன வாரம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். ஆனால் கணவரிடம் தான் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுடைய வாதம். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கிய இந்த வாதம் சனிக்கிழமை காலையிலும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்தபாடில்லை.

போன வாரத்தை விட்டவர்களுக்கு விஷயம் இதுதான். கணவர் சுப்பிரமணியம் பென்டில் ஹில்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மலேசியாவிலிருந்து சிட்னிக்குப் படிக்க வந்து, அதேபோலப் படிக்க வந்த மார்கரெட்டைச் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு, கிரவீனில் வீடு வாங்கியவர். எட்டு வயதில் தாயை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா ராஜகுமாரி. சர்ச்சில் கல்யாணம் என்றதும் நான் வரமாட்டேன் என்று சொன்னவளும் அதே அக்காதான். அந்த அக்கா வெள்ளிக்கிழமை மத்தியானம் மலேசியாவில், கிள்ளானில் காலமாகிவிட்டாள். போன் வந்தபோது வீட்டில் மார்கரெட் மட்டும் இருந்தாள்.

"மாமி, அம்மா போயிட்டாங்க," என்றான் அக்காவின் மகன் மோகனதாஸ். "மாமாகிட்ட சொல்லிடுங்க. உடனே எனக்குப் பேசச் சொல்லுங்க."

"சொல்றேன்பா," என்றாள் மார்கரெட். உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பள்ளிக்கூடப் பையோடு கமலினி நின்றுகொண்டிருந்தாள்.

"யார் மம்மி போன்ல?"

"ராங் நம்பர்."

"டாட் வைக்கோல் வாங்கிட்டு வருவார்தானே? மறக்க மாட்டார்ல?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

கமலினியின் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மே மாதமும், இலை உதிரும் காலத்தில், ஒரு சந்தை போடுவார்கள். அதில் பெரிய விஷயம் வைக்கோல் பொம்மைப் போட்டி. ஒவ்வொரு குடும்பமும் சேர்ந்து ஒரு பொம்மை செய்ய வேண்டும். நடுவர்கள் வரும்போது பொம்மைக்குப் பக்கத்தில் பிள்ளையோடு பெற்றவர் ஒருவராவது நிற்க வேண்டும். போன வருடம் சனிக்கிழமை கடையை விட்டு வர முடியவில்லை என்று சுப்பிரமணியம் வரவில்லை. மார்கரெட் காய்ச்சலில் படுத்திருந்தாள். தனியாக நின்ற கமலினியைப் பார்த்து யாரோ ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் இரக்கப்பட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். பள்ளிக்கூடப் பத்திரிகையில் படம் வந்தது. கீழே, 'கமலினியும் அப்பாவும்' என்று போட்டிருந்தார்கள்.

அதைப் பார்த்துச் சுப்பிரமணியம் சிரித்தார். கமலினி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பாட்டு நிகழ்ச்சி, ஈஸ்டர் தொப்பி ஊர்வலம், ஓட்டப்பந்தயம், எதற்கும் கூப்பிடவில்லை. எட்டு வயதுப் பிள்ளை கேட்பதை நிறுத்தினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

அது அவருக்கும் மெதுவாக உறைத்தது. இந்த வருடம் அவரே முன்வந்தார். சனிக்கிழமை கடையைப் பார்த்துக்கொள்ள கிரிஜா என்ற பெண்ணை ஏற்பாடு செய்தார். இரண்டு வாரம் சாயங்காலம் எல்லாம் அப்பாவும் மகளும் கார் ஷெட்டில்தான். சிரிப்புச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

இப்போது போய் எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு நாள், என்று கணக்குப் போட்டாள் மார்கரெட். சனிக்கிழமை சந்தை முடியட்டும். சாயங்காலம் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினால் திங்கட்கிழமை அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

திங்கட்கிழமை என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மலேசியாவில், ஈப்போவில் அவளுடைய அப்பா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. லண்டனிலிருந்து அண்ணன் வந்து சேரும்வரை வைத்திருந்து வெள்ளிக்கிழமைதான் அடக்கம் செய்தார்கள். அவள் வீட்டில் எந்தச் சாவும் அப்படித்தான். தூரத்தில் இருப்பவர்கள் வர வேண்டும், மூன்று நாள் ஜெபம் நடக்க வேண்டும், பிறகுதான் எடுப்பார்கள். இந்து வீட்டில் எப்போது எடுப்பார்கள் என்று மோகனதாஸிடம் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் இருப்பது வசதியாகவும் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

ஏழு மணிக்கு இரண்டு கட்டு வைக்கோலோடு சுப்பிரமணியம் வந்தார். ஏழரைக்கு மார்கரெட் சுவரில் இருந்த போன் ஒயரைப் பிடுங்கி வைத்தாள்.

இரவு முழுக்க அவர் நன்றாகத் தூங்கினார். அவள்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை நல்ல வெயில், கூடவே லேசான குளிர். மைதானத்து ஓரத்து மரங்கள் எல்லாம் சிவந்து இலை கொட்டிக்கொண்டிருந்தன. வேலி ஓரமாக இருபத்து மூன்று வைக்கோல் பொம்மைகள் வரிசையாக நிற்க வேண்டும். இவர்களுக்குப் பத்தொன்பதாம் நம்பர்.

சுப்பிரமணியம் கம்பை ஊன்றினார். பொம்மைக்கு உடுத்தியதை மட்டும் அப்பாவுக்குக் காட்டாமல் வைத்திருந்த கமலினி, பெருமையாகப் போர்வையை விலக்கினாள். உள்ளே கடுகு நிறப் புடவை கட்டி, பொட்டு வைத்து, கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பொம்மை.

"அட! இது நம்ம அக்கா எடுத்துக் குடுத்த புடவையில்ல?" என்றார் சுப்பிரமணியம்.

மார்கரெட் பொம்மையின் முந்தானையைச் சரிசெய்தாள். கமலினி பிறந்தபோது அக்கா அனுப்பிய புடவை அது. 'கோயிலுக்குப் போகும்போது கட்டிக்கொள்ளச் சொல்' என்று ஒரு சீட்டும் கூட வந்தது. சர்ச்சுக்குப் போகிறவளுக்கு அது ஊசியால் குத்திய மாதிரி இருந்தது. ஒன்பது வருடமாக அலமாரியின் அடியில் கிடந்த புடவையை, பழைய துணி ஏதாவது கொடு என்று மகள் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது அந்தச் சந்தோஷம்தான் அவளை அறைந்தது.

"சாரி. தெரியாம..." என்று இழுத்தாள்.

"அட, நீ வேற! அக்கா பாத்தா விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு படம் எடு, அனுப்பி வைப்போம். ராத்திரி போன் போட்டுச் சொல்றேன்."

அவள் படம் எடுத்தாள். படம் சரியாக விழாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு அப்பாக்கள் எல்லாரும் சாசேஜ் சுடும் அடுப்புக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கமலினி தானாகவே அவர் பெயரையும் பட்டியலில் எழுதியிருந்தாள். சிவப்பு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இடுக்கியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்ற சுப்பிரமணியத்தைப் பார்த்து மற்ற அப்பாக்கள் கேலி செய்தார்கள். "மருந்து கலக்குறதைவிட இது கஷ்டம்," என்று அவர் பதிலுக்கு அடித்தார். கமலினி தன் சிநேகிதிகளோடு பத்தடி தள்ளி நின்று, "தட்ஸ் மை டாட்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள்.

நடுவில் அவர் ஒரு சாசேஜை ரொட்டியில் சுருட்டிக் கடித்தார். நன்றாயிருக்கிறது என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

சாவு வீட்டுக்காரர் கறி தின்கிறார். அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். மார்கரெட்டுக்கு ஓடிப்போய்க் கையிலிருந்து அதைப் பறித்துவிடலாம் போல இருந்தது. என்ன சொல்லிப் பறிப்பது? முகத்தைத் திருப்பிக்கொண்டு கேக் விற்கும் மேசைக்குப் போனாள்.

அங்கே அவளுக்குத் துணை, பக்கத்துத் தெரு விமலாதேவி. யாழ்ப்பாணத்துக்காரர். போர்க்காலத்தில் கையில் ஒரு பையோடு வந்து சேர்ந்தவர். இரண்டு பேரும் கேக்குகளை வெட்டித் தட்டில் அடுக்கினார்கள். பன்னிரண்டே முக்கால் வாக்கில் கூட்டம் குறைந்தபோது மார்கரெட் சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"விமலா அக்கா, உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் தவறிட்டா எத்தனை நாள் வச்சிருப்பாங்க?"

"என்ன கேள்வி இது, கேக் விக்கிற இடத்திலை?" விமலாதேவி கத்தியைத் துடைத்தார். "எத்தினை நாளோ? அடுத்த நாளே எடுத்துப்போடுவினம். சைவக்காரர் கனநாள் வைச்சிருக்கிறேல்லை. உங்கடை சுப்பிரமணியமும் சைவம்தானே, அவரிட்டைக் கேளுமன்."

மார்கரெட்டின் கையிலிருந்த தட்டு மேசைமேல் சத்தத்தோடு இறங்கியது. அடுத்த நாள் என்றால் இன்று. இன்றேதான்.

"தூரத்துல இருக்கறவங்க வரலைன்னா?"

"வாறவை வருவினம். வராதவைக்காகச் சவம் காத்துக்கொண்டிருக்குமே?" அவர் இன்னொரு துண்டை வெட்டித் தட்டில் வைத்தார். பிறகு கேட்காமலே சொன்னார். "என்ரை தம்பி செத்தது எனக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் தெரியும். ஊரிலை ரோட்டும் இல்லை, போனும் இல்லை. கடிதம் கையிலை கிடைச்சவுடனை நான் என்ன செய்தனான் தெரியுமோ? அந்த நாலு மாசமும் என்னென்ன செய்தன் எண்டு ஒவ்வொரு நாளா நினைச்சுப் பாத்தன். ஒரு கலியாண வீட்டிலை நான் வாய் நிறையச் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் ஒண்டு இருந்தது. அவன் செத்துப் பதினாலாம் நாள் எடுத்த படம். அதைக் கிழிச்சுப் போட்டன்."

"அக்கா, நான் கொஞ்சம் போய் அவரைப் பாத்துட்டு வரேன்," என்று மார்கரெட் எழுந்தாள்.

எழுந்தவள் நேரே போயிருக்கலாம். போயிருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் பாதி வழியில் கிரிஜா எதிரே வந்தாள். சனிக்கிழமை என்பதால் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, கார்ச் சாவியும் ஒரு துண்டுக் காகிதமும் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, அங்கிள் எங்க? மலேசியாவுலேர்ந்து மோகனதாஸ்னு ஒருத்தர் கடைக்குப் பேசினார். நேத்து ராத்திரி பூரா உங்க வீட்டு போன் அடிச்சுக்கிட்டே இருந்துதாம், யாரும் எடுக்கலையாம். அவங்க அம்மாவுக்கு அங்கிள் அனுப்பின மருந்து பாட்டில்ல கடை நம்பர் இருந்துதாம். அதைப் பாத்துப் பேசியிருக்கார்." கிரிஜாவின் கண் கலங்கியிருந்தது. "அவங்க அம்மா இறந்துட்டாங்களாம், ஆன்ட்டி."

"குடு. நான் சொல்லிடறேன்."

"உடனே சொல்லிடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் எடுக்கறாங்களாம். மாமா வர்றார்னு சொன்னா நாளைக்குக் காலைல வரைக்கும் வச்சிருப்பாங்களாம். ஆனா நம்ம நேரம் மூணு மணிக்குள்ள சொல்லணுமாம். எல்லாம் எழுதியிருக்கேன்."

கிரிஜா போய்விட்டாள். மார்கரெட் மணியைப் பார்த்தாள். ஒன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

ஒன்றரைக்கு நடுவர்கள் வருவார்கள். ஒன்றே முக்காலுக்குள் முடிந்துவிடும். மூன்று மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. பத்து நிமிடம் அவர் கமலினி பக்கத்தில் நிற்கட்டும், அதற்குப் பிறகு சொல்லிவிடலாம்.

காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். ஒருமுறை செய்ததை இரண்டாவது முறை செய்ய எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஒன்றரை ஆனது. நடுவர்கள் வரவில்லை. நடுவர்களில் ஒருவரான தலைமை ஆசிரியரைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பலகையில் உட்கார வைத்து, பிள்ளைகள் பந்தெறிந்து தள்ளிவிடும் விளையாட்டு ஒன்று உண்டு. யாரோ ஆறாம் வகுப்புப் பெண் குறி பார்த்து அடித்துவிட்டாள். தலைமை ஆசிரியர் தொபுக்கென்று விழுந்து, நனைந்து, வீட்டுக்குப் போய் உடை மாற்றி வரும்போது இரண்டு மணி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொம்மைக்கும் நின்று, பெயர் கேட்டு, கை குலுக்கி, சிரித்து...

இரண்டு இருபதுக்கு அவர்கள் எட்டாம் நம்பரில் இருந்தார்கள்.

மார்கரெட் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பதாம் நம்பருக்கு எதிரே, பள்ளிக்கூடப் பத்திரிகைக்காகப் படம் எடுக்கும் ஆசிரியை வந்து நின்றாள். சுப்பிரமணியம் ஒரு கையால் கமலினியைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். இன்னொரு கையைப் புடவை கட்டிய பொம்மையின் மேல் போட்டார். வாய் நிறையச் சிரித்தார்.

விமலாதேவியின் கிழிந்த படம் மார்கரெட்டுக்கு நினைவு வந்தது. இந்தப் படம் அடுத்த வாரம் பத்திரிகையில் வரும். அவர் பார்ப்பார். எந்த நாளில் எடுத்த படம் என்று யோசிப்பார்.

"என்னங்க," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க."

அவர் வந்தார். அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார். ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. தலைவழியாக இழுத்துக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு, குடிதண்ணீர்க் குழாய்க்குப் போனார். வாயைக் கொப்பளித்தார். மறுபடி மறுபடி கொப்பளித்தார். பல்லை விரலால் தேய்த்தார். பின்னால் வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"டாட்?" என்றாள் கமலினி.

"அத்தை செத்துப்போச்சும்மா. டாட் போன் பேசணும்." அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். "ஐம் சாரி, கண்ணு."

"இட்ஸ் ஓகே," என்றாள் கமலினி. உடனே சொல்லிவிட்டாள், சொல்லிப் பழகியவளாக.

அவர் அலுவலகத்தை நோக்கி ஓடினார். போனில் அவர் என்ன கேட்பார், மோகனதாஸ் என்ன சொல்லுவான் என்று மார்கரெட்டுக்குத் தெரியும். கூடப் போகாமல் இருக்க முடியவில்லை. கமலினியின் பக்கத்தில் விமலாதேவி வந்து நின்றார். "நீர் போம், நான் நிக்கிறன்," என்றார்.

ஆக, இந்த வருடமும் கமலினி வேறு யாரோடோதான் நின்றாள். யாருக்காக மறைத்தாளோ அவளுக்கும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூட அலுவலகத்தில் துணைத் தலைமை ஆசிரியை, விஷயத்தைக் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டு, மலேசியாவுக்குப் பேசிக்கொள்ளச் சொல்லி வெளியே போனாள். சுப்பிரமணியம் நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மூன்றாவது முறை கிடைத்தது.

"மோகன்! வர்றேன்டா. ராத்திரி விமானத்துல வர்றேன். வச்சிருங்க. நான் வராம எடுத்துடாதீங்க." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு அழுகை கோபமாக மாறியது. "நேத்து மத்தியானம் போன உயிருக்கு இன்னிக்கு மத்தியானம் சொல்றியா? நேத்தே ஏன்டா சொல்லல?"

பக்கத்தில் நின்ற மார்கரெட் ரிசீவரையே பார்த்தாள். இதோ சொல்லப்போகிறான். சொல்லட்டும், முடியட்டும்.

"போன் கிடைக்கல மாமா," என்று மெல்லிய குரல் கேட்டது. "ராத்திரி பூரா அடிச்சேன்."

"போன் கிடைக்கலன்னா? தந்தி குடுக்கத் தெரியாது? கடைக்கு நேத்தே பேசத் தெரியாது? உன்ன வளத்த லட்சணம் இதுதானா?"

"மன்னிச்சிருங்க மாமா. மாமி இருக்காங்களா? ஒரு நிமிஷம் குடுங்க."

அவர் ரிசீவரை அவள் கையில் திணித்துவிட்டு, பயண ஏஜென்ட் வெங்கட்ராமனின் நம்பரைத் தேடிக் கார்டுகளைக் கிளறிக்கொண்டே வெளியே போனார்.

"மோகன்..." என்றாள் மார்கரெட்.

"நான் சொல்லல மாமி," என்றான் அவன். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "ஏன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல. அம்மா இருந்தா, வீட்டு விஷயத்தை வெளிய விடாதடான்னுதான் சொல்லியிருப்பாங்க. நீங்க பாத்துக்குங்க."

போனை வைத்தபிறகும் அவள் அங்கிருந்த ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த அக்காவைப் பத்து வருடமாக மனதுக்குள் எத்தனை திட்டியிருப்பாள்! அந்த அக்காவின் பெயரைச் சொல்லியே அவளைக் காப்பாற்றிவிட்டான், தாயை இழந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளை.

சாயங்காலம் ஏழு மணி. கமலினியை விமலாதேவி வீட்டில் விட்டுவிட்டு, மார்கரெட் காரை ஓட்டினாள். பக்கத்தில் சுப்பிரமணியம், மடியில் ஒரு சின்னப் பெட்டி. வெங்கட்ராமன் எப்படியோ ஒரு டிக்கெட் பிடித்துக் கொடுத்துவிட்டார். திரும்பும் தேதி மட்டும் போடவில்லை.

பாரமட்டா ரோடு முழுக்க அவர் மோகனதாஸைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"போன் கிடைக்கலையாம். சொந்த மாமனுக்குச் சொல்ல ஒரு நாளா? நேத்து ராத்திரி நான் கிளம்பியிருந்தா இன்னிக்குக் காலைல அக்கா தலைமாட்டுல உக்காந்திருப்பேன். நான் இங்க கறி சுட்டுத் தின்னுக்கிட்டு, பொம்மையக் கட்டிப் பிடிச்சுப் படம் எடுத்துக்கிட்டு... அக்காவுக்காகப் போறேன். காரியம் முடியட்டும். அதுக்கப்புறம் அந்தப் பயல் மூஞ்சில முழிக்க மாட்டேன். அவன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அவன் சின்னப் பையங்க..."

"இருபத்தாறு வயசு! சின்னப் பையனாம்."

மார்கரெட் பேசாமல் ஓட்டினாள். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவர் மோகனதாஸை வெறுப்பார், மோகனதாஸ் வாய் திறக்க மாட்டான், அவள் தப்பித்துவிடுவாள். இதற்குக்கூட ஒரு பொய் சொல்ல வேண்டியதில்லை. நேற்றிலிருந்து செய்வதையே இன்னும் கொஞ்ச நாள் செய்தால் போதும்.

விமான நிலையத்தில் வண்டியை நிறுத்தினாள். அவர் பெட்டியோடு இறங்கினார். அவளும் இறங்கிச் சுற்றி வந்தாள். தள்ளுவண்டிகளும் ஆட்களும் இடித்துக்கொண்டு போனார்கள்.

"மோகனைத் திட்டாதீங்க," என்றாள். "நேத்து நாலு மணிக்கு அவன் வீட்டுக்குப் பேசிட்டான். நான்தான் எடுத்தேன். ஏழரை மணிக்கு போன் ஒயரையும் நான்தான் பிடுங்கி வச்சேன்."

அவர் அவளையே பார்த்தார். புரிய நேரம் எடுத்தது.

"திங்கட்கிழமைதான் எடுப்பாங்கன்னு நினைச்சேன். எங்க அப்பாவுக்கு அப்படித்தான்... ஒரு நாள்தானேன்னு... கமலினி..." எந்த வாக்கியமும் முடியவில்லை. நேற்றிலிருந்து அவளுக்குள் அவ்வளவு நன்றாக ஓடிய வாதத்தில் ஒரு வார்த்தைகூட இப்போது நிற்கவில்லை.

அவர் கத்தவில்லை. கத்துவார் என்று தன்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"கமலினிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். தன்னாலதான் டாட் போக முடியலன்னு நினைச்சுக்கும். ஒம்போது வயசுப் புள்ள அதைத் தூக்கிட்டுத் திரியக் கூடாது."

மார்கரெட் தலையாட்டினாள். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது.

அவர் பெட்டியை எடுத்தார். இரண்டடி நடந்தார், நின்றார், திரும்பி வந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. கமலினிக்காகவா செஞ்ச? இல்ல, அக்கா மேல இருந்த கோபத்துலயா?"

கமலினிக்காக என்று சொல்லிவிடலாம். அதுவும் பாதியாவது உண்மைதான். அவர் நம்பக்கூடச் செய்வார். மார்கரெட் வாயைத் திறந்தாள். அலமாரியின் அடியிலிருந்து அந்தப் புடவையை எடுத்துக் கொடுத்தபோது தனக்கு இருந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தது.

"தெரியலைங்க," என்றாள்.

சுப்பிரமணியம் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கோபப்பட்ட மாதிரியும் தெரியவில்லை, மன்னித்த மாதிரியும் தெரியவில்லை.

"நான் திரும்பி வர்றதுக்குள்ள தெரிஞ்சு வச்சிரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.